நுங்கு வண்டியும் கரடியின் முதுகும்

அந்தக் காலத்தில் மிருகங்களுக்கெல்லாம் பேச்சு வரும். சிலதுகளுக்கு வாய் ஓயவே ஓயாது. அப்போது கரடிக்கு இப்போதிருக்கிற சடை கிடையாது. உடம்பு முழுக்க வழுவழுவென்று குட்டை முடிதான். ஈ வந்து உட்கார்ந்தாலும் வழுக்கிக்கொண்டு போகும்.

ஒரு மலையடிவாரத்தில் இருளாயி என்றொரு கரடி இருந்தாள். அவளுக்கு இரட்டைக் குட்டிகள். மூத்தவன் சொக்கன், சின்னவள் பொட்டு. கைக்கு ஒன்றாக இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு, பின்னங்காலில் அசைந்து அசைந்து நடப்பாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கரடிக்குச் சாப்பாடு கரையான் புற்றுக்குள் அல்லவா இருக்கிறது? புற்றைத் தோண்ட இரண்டு கையும் வேண்டும். குட்டிகளைக் கீழே இறக்கிவிட்டால் ஒன்று கிழக்கே ஓடும், மற்றது மேற்கே ஓடும். அதனால் இருளாயி உதிர்ந்து கிடக்கிற பழங்களை வாயால் பொறுக்கித் தின்றே நாளைத் தள்ளினாள். பால் வற்ற ஆரம்பித்தது. குட்டிகள் சப்பிப் பார்த்துவிட்டு அழுதன. அவளும் கூடச் சேர்ந்து அழுதாள்.

பக்கத்து வளையில் குடியிருந்த முள்ளம்பன்றி ஈட்டியம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் காலையில் எதையோ உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். நுங்கு தின்றுவிட்டுப் போட்ட பனங்காய்கள் இரண்டு. நடுவில் ஒரு குச்சி. குச்சிமேல் குழிவான கமுகம்பாளை. பின்னாலிருந்து தள்ளுவதற்கு ஒரு கவட்டைக் கம்பு.

"இது எதுக்கு மதினி?" என்றாள் இருளாயி.

"பிள்ளைகளை உக்காத்தி வச்சுத் தள்ளிக்கிட்டுப் போறதுக்கு. என் முதுகுல பிள்ளை ஏறுனா என்னத்துக்கு ஆகும், நீயே சொல்லு. அதான் இதைச் செஞ்சேன். என் பிள்ளைக எல்லாம் இதுல வளந்ததுகதான். இப்பச் சும்மா கிடக்கு, நீ வச்சுக்க."

இருளாயிக்குத் தலைகால் புரியவில்லை. குட்டிகளை உட்கார வைத்து, காட்டுப் பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். முயல்கள் ஒதுங்கி வழிவிட்டன. மயில் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. சொக்கன் மகாராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். இருளாயி வண்டியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரக் கரையான் தின்றாள். பாலும் திரும்பச் சுரந்தது.

சமதரையில் எல்லாம் சுகம்தான். பாறை வந்தால்தான் பாடு. குட்டிகளையும் தூக்க வேண்டும், வண்டியையும் தூக்க வேண்டும். "வண்டி உன்னைச் சுமக்குதா, நீ வண்டியைச் சுமக்குறியா?" என்று மரத்துக் குரங்குகள் கேலி பேசின. அதைக்கூட அவள் சட்டை செய்யவில்லை. பொட்டுதான் மனசைக் கலைத்தாள். அம்மாவின் மேல் கை படாவிட்டால் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. பாளைக்கு வெளியே கையை நீட்டி நீட்டித் துழாவிக்கொண்டே இருப்பாள்.

ஒரு நாள் ஓடைக்கு மேலே, சரிவில், ஆளுயரப் புற்று ஒன்று கண்ணில் பட்டது. இருளாயி அவசர அவசரமாக வண்டியை நிறுத்தினாள். சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுக்கத் தோன்றவில்லை, பசி அப்படி. புற்றை உடைத்து மூக்கை நுழைத்து உறிஞ்ச ஆரம்பித்தாள். கரடி கரையான் உறிஞ்சுகிற சத்தம் மலைக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்கும். உறிஞ்சுகிறவளுக்கு மட்டும் வேறெதுவும் கேட்காது.

பொட்டு வழக்கம்போல அம்மாவைத் தொட எட்டினாள். வண்டி அசைந்தது, உருண்டது, சரிவில் பாய்ந்தது. குட்டிகள் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே போயின. இருளாயி காதில் விழவில்லை.

நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். வண்டியைக் காணோம். சக்கரத் தடம் மட்டும் கீழ்நோக்கிப் போயிருந்தது. விழுந்து எழுந்து ஓடினாள்.

ஓடைமணலில் வண்டி புதைந்து நின்றது. உள்ளே குட்டிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. எதிரே, தண்ணீர் குடிக்க வந்த புலி.

"யாரு வீட்டுப் பிள்ளைக? தேடி வந்துல்ல நிக்குதுக" என்றது புலி.

இருளாயி நடுவில் பாய்ந்தாள். வண்டியைத் தள்ளிப் பார்த்தாள்; மணலில் அது நகரவில்லை. குட்டிகளைக் கையில் எடுத்தால் புலியை அடிக்கக் கை இல்லை. சட்டென்று குனிந்தாள்.

"முதுகுல ஏறுங்க. என்ன ஆனாலும் விட்டுறாதீக" என்றாள்.

ஏறின குட்டிகள் வழுக்கின. பயத்தில் நகத்தாலும் பல்லாலும் அவளுடைய தோள்முடியைக் கவ்விக்கொண்டு தொங்கின. வலி தாங்காமல் இருளாயி நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் விரித்துக் கர்ஜித்தாள். அவள் தோளுக்கு இந்தப் பக்கம் ஒரு தலையும் அந்தப் பக்கம் ஒரு தலையும் எட்டிப் பார்த்து அலறின. புலி எத்தனையோ கரடியைப் பார்த்திருக்கிறது. மூன்று தலைக் கரடியைப் பார்த்ததில்லை.

"எனக்கு அப்படி ஒண்ணும் தாகமில்லை" என்று சொல்லிவிட்டு அது வந்த வழியே போய்விட்டது.

வீடு சேரும்வரை குட்டிகள் பிடியை விடவில்லை. இழுத்த இழுப்பில் தோள்முடி சாண்நீளம் வளர்ந்துவிட்டது. மறுநாள் இருளாயி ஓடைமணலில் கிடந்த வண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு ஈட்டியம்மாளிடம் போனாள்.

"கோவிச்சுக்காதீக மதினி. வண்டி நல்ல வண்டிதான். ஆனா புத்துல வாயை வச்சுட்டா எனக்குக் காது அடைச்சுப் போகுது. முதுகுல இருந்தா, காது கேக்காட்டியும் பாரம் சொல்லிரும், பிள்ளைக இருக்குன்னு."

ஈட்டியம்மாள் தூங்குகிற பொட்டுவைப் பார்த்தாள். குட்டியின் கை அம்மாவின் சடைக்குள் புதைந்திருந்தது.

"கொடுத்து வச்சவ நீ. எனக்கு ஒரு நாளும் அந்தப் பாரம் தெரிஞ்சதில்லை" என்றாள்.

"உங்க பிள்ளைகளுக்கு என்ன குறை? ஆளுக்கு ஆளா வளந்து நிக்குதுகளே. எல்லாம் இந்த வண்டியில வளந்ததுகதான?"

ஈட்டியம்மாள் முள்ளெல்லாம் கலகலக்கச் சிரித்தாள். "வண்டியை உள்ள வை. எனக்கு அடுத்த ஈத்துக்கு ஆகும்" என்று வெட்கத்தோடு சொன்னாள்.

அன்று முதல்தான் தாய்க்கரடி நாலு காலில் நடந்து குட்டிகளை முதுகில் சுமக்கிறது. குட்டிகள் பிடித்துத் தொங்குகிற தோளில்தான் அதற்குச் சடை நீளம். புற்றுக்குள் மூக்கை நுழைக்கும் முன்னால் ஒரு தரம் உடம்பைக் குலுக்கி, பாரம் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறது.