சேனாதிபதி சுழன்ற கதை

குவளைநாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்ட காலம் அது. ரொம்பப் பழைய காலம். ராஜாவுக்குக் காலையில் ஒரு எண்ணம், மாலையில் ஒரு எண்ணம். இடையில் கிடந்து அல்லாடுகிறவர் மந்திரி அறவாழி.

அன்று ஏரி உடைந்த ஊர்களையெல்லாம் சுற்றிவிட்டு, உடம்பு ஓய்ந்து அரண்மனைக்குள் நுழைந்தார் அறவாழி. சபையில் ஒரே கூச்சல். நாட்டியக்காரி மாதங்கி அழுதுகொண்டு நின்றாள். முன்பு அவளைச் சபைக்கு அழைத்துவந்து சேர்த்தவர் மந்திரிதான். மந்திரியைக் கண்டாலே ஆகாது சேனாதிபதி விசயாலனுக்கு.

"மகாராஜா, இவள் சூனியக்காரி!" என்று கத்தினான் விசயாலன். "கையை விரித்து மெல்லச் சுழன்றாள். கையை மார்போடு சேர்த்ததும் பம்பரமாய்ப் பறந்தாள். யாரும் தள்ளவில்லை, அவளும் காலால் உந்தவில்லை. பேய்தானே சுழற்றியது? நாடு கடத்துங்கள்!"

ராஜா மிரண்டு போயிருந்தார். "கடத்திவிடலாமா மந்திரியாரே?"

வாதாட அறவாழிக்குத் தெம்பில்லை. சபை ஓரத்தில் ஒரு சுழல் பீடம் இருந்தது. பேச்சு சலித்தால் ராஜா அதில் அமர்ந்து முதுகைத் திருப்பிக்கொள்வார்.

"மகாராஜா அனுமதித்தால் சேனாதிபதியார் அதில் உட்காரட்டும். கைக்கொரு கர்லாக்கட்டை கொடுங்கள். இரண்டு கையையும் நீட்டிப் பிடிக்கட்டும். அவர் பலத்தைச் சபை பார்க்கலாம்."

ராஜா தலையசைத்தார். பலம் என்றதும் விசயாலன் துள்ளி ஏறினான். காவலர்கள் பீடத்தைச் சுற்றிவிட்டு விலகினார்கள். முதலில் கம்பீரமாய்ச் சுற்றினான். பிறகு தோள் கடுத்தது. வலி பொறுக்காமல் கட்டைகளை மார்போடு அணைத்தான். பீடம் விர்ரென்று பறந்தது. தலைப்பாகை எங்கோ போய் விழுந்தது.

"ஐயோ, நிறுத்துங்கள்!"

"இவரையும் பேய் பிடித்துவிட்டது மகாராஜா. சேர்த்தே நாடு கடத்திவிடலாம்" என்றார் அறவாழி.

"பேயுமில்லை ஒன்றுமில்லை! கையை மடக்கினேன், அவ்வளவுதான்!"

"அந்தப் பெண்ணும் அதைத்தான் செய்தாள். கையை மறுபடி நீட்டுங்கள், வேகம் தணியும்."

நீட்டினான். தணிந்தது.

"வெளியிலிருந்து யாரும் தள்ளாமலும் தடுக்காமலும் இருந்தால், கொடுத்த சுழற்சியின் மொத்தம் மாறாது, வேகம்தான் மாறும் மகாராஜா. பாரம் நடுவை விட்டு விலகியிருந்தால் மெல்லச் சுற்றும். நடுவுக்கு வந்தால் விரைந்து சுற்றும். இதில் சூனியம் எங்கே வந்தது?"

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மாதங்கிக்குக் கொடுத்தார். பிறகு விசயாலனைப் பார்த்தார். "மந்திரியார்மேல் உள்ள பொறாமையில் ஒரு பெண்ணின் வாழ்வையே கெடுக்கப் பார்த்தாயே! வாளைக் கழற்றி வை."

விசயாலன் தள்ளாடியபடியே கழற்றி வைத்தான்.

"அறவாழியாரே, உம் அறிவுக்குப் பரிசு தராமல் விடுவேனா? இன்றுமுதல் சேனாதிபதி வேலையும் உமக்கே!"

சபை ஆரவாரித்தது. அறவாழி கும்பிட்டுவிட்டு, வாளை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நல்ல கனம்.