செத்த குட்டியின் சாக்கு

நாய் வளர்த்து விற்கிறவர் வீட்டில் குட்டி செத்தால் அது நஷ்டம். விற்ற பிறகு செத்தால் வாங்கியவர் செய்த பாவம். இந்த நியாயத்தை எப்போதும் நாக்கு நுனியில் வைத்திருந்தவர் ராஜபாளையம் பக்கத்துப் பண்ணைக்காரர் வீரபாகு.

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் முத்துக்கிளி, சீட்டுப் பணம் எடுத்து அவரிடம் வாங்கிய குட்டி ரத்தமாகக் கழிந்து செத்துப்போனதென்று மகளோடு வந்து நின்றாள். குட்டி வாங்கக் காரில் வந்திருந்த ஒருவரும் அங்கே இருந்தார்.

“நோயா? என் பண்ணையிலயா?” வீரபாகு சிரித்தார். “உன் மக ஆசையா ஊத்தின பசும்பால்தான் அதைக் கொன்னுச்சு.”

மகள் பவளம் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். போனில் அவர் இதையே சொன்ன நாள்முதல் அந்தப் பிள்ளை சோற்றைத் தொடவில்லை. முத்துக்கிளி கக்கத்தில் இடுக்கியிருந்த சாக்கைக் கையில் எடுத்தாள். குரலை மட்டும் பணிவாக வைத்துக்கொண்டாள்.

“அப்ப ஒட்டுற நோய் எதுவும் இல்லீங்களே, முதலாளி?”

“சத்தியமா இல்ல.”

“நல்லதாப் போச்சு. அது செத்துக் கிடந்த சாக்கு இது. வீணாக்குவானேன்? உங்க குட்டிகளுக்கு விரிச்சு விடுறேன்.”

அவள் கூண்டுப் பக்கம் நடந்ததும் வீரபாகு அலறினார். “ஏய், கிட்டப் போகாத! அது பிறந்த ஈத்துல ஒரு குட்டிகூட மிஞ்சல! இதுகளும் போயிரும்!”

கார்க்காரர் மடியிலிருந்த குட்டியை மெல்லக் கீழே விட்டார்.

“இது வெறும் அரிசிச் சாக்கு, முதலாளி. அந்தச் சாக்கைக் குட்டியோடயே எரிச்சாச்சு” என்ற முத்துக்கிளி, மகள் பக்கம் திரும்பினாள். “கேட்டியா பவளம்? கூடப் பிறந்ததுகளுக்கெல்லாம் யாரு பால் ஊத்துனாங்களாம்?”

பவளம் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.