சுத்தமான குளக்கரை

காட்டோரம் ஒரு குளம் இருந்தது. சித்திரை வெயிலில் மற்றக் குட்டைகளெல்லாம் வறண்டு வெடித்துவிட்டன. இதில் மட்டும் முழங்காலளவு தண்ணீர் கிடந்தது. சுற்றுப்பட்டு விலங்குகளெல்லாம் அங்கேதான் வந்து குடித்தன.

குளத்துக்குக் காவல் வளைகொம்பன் என்ற எருமைக்கடா. அது ஒரு சட்டம் போட்டிருந்தது. கரையில் யாரும் அசுத்தம் செய்யக் கூடாது. செய்தால் கொம்பால் ஒரு முட்டு, அன்று முழுவதும் தண்ணீர் கிடையாது. நல்ல சட்டம்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் கோடையில் செம்பன் என்ற நாய் அங்கே வந்து சேர்ந்தது. ஆடு மேய்ப்பவர்கள் கிடையைக் கலைத்துக்கொண்டு போனபோது விட்டுவிட்டுப் போன நாய். வந்த இரண்டாம் நாள் அதற்கு வயிறு கெட்டுப்போய், கரையிலேயே கழிந்துவிட்டது. வளைகொம்பன் பார்த்தது. விட்ட முட்டில் நாய் மூன்று தடவை உருண்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

அதன்பிறகு கரையில் ஒரு பொட்டு அசுத்தம் இல்லை. வளைகொம்பன் தினமும் காலையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மார்பை நிமிர்த்திக்கொள்ளும்.

"அடியாத மாடு படியாது என்பார்கள். மாடு மட்டுமா? நாயும் அப்படித்தான்!" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும்.

ஒருநாள் விடியற்காலையில் மரத்திலிருந்த குரங்கு ஒன்று கீழே பார்த்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, சொல்லாமலும் கதை நகராது. செம்பன் தாழம்புதருக்குப் பின்னால் நின்று, தன் பீயைத் தானே தின்றுகொண்டிருந்தது.

குரங்கு போட்ட கூச்சலில் காடே கூடிவிட்டது. அந்த வாய் பட்ட தண்ணீரையா நாம் குடிக்கிறோம் என்று மான்கள் குட்டிகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தன. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அதன் புத்தி போகாது என்று முள்ளம்பன்றி தலையை ஆட்டியது. கசந்தால் விட்டுவிடும் என்று குரங்கு வேப்பங்கொட்டையை நசுக்கி, செம்பன் போட்டதன்மேல் பிழிந்துவிட்டது. செம்பன் கண்ணில் நீர் வழிய அதையும் விழுங்கியது. வளைகொம்பன் இன்னொரு முட்டு விட்டது. அன்றிலிருந்து செம்பன் இன்னும் அவசரமாக, இன்னும் ஒளிந்து தின்றது. விலா எலும்பெல்லாம் தெரிந்தது.

கடைசியில் முடிவு கட்டினார்கள். வருகிற அமாவாசைக்குள் இந்தப் பழக்கம் போகாவிட்டால் செம்பன் குளத்தைவிட்டுப் போய்விட வேண்டும். அடுத்த தண்ணீர் இரண்டு நாள் நடைத் தூரம். அந்த வெயிலில், அந்த உடம்போடு போனால் பாதி வழியில் விழுந்து சாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

உருட்டாயி என்ற சாணிவண்டுக்கு மட்டும் வேறு கவலை. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் பொருள்தான் அவளுக்குச் சோறு. இந்த நாய் வந்ததிலிருந்து அதனிடமிருந்து ஒரு உருண்டைகூடக் கிடைக்கவில்லை. நேரே போய்க் கேட்டுவிட்டாள்.

"செம்பா, எனக்கு அது சாப்பாடு, நான் தின்கிறேன். உனக்கு அது ருசிக்கிறதா?"

செம்பன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டது. பிறகு, "இல்லை அக்கா, குமட்டுகிறது" என்றது.

"பிறகு ஏன் தின்கிறாய்?"

"வயிறு கலக்கினாலே கொம்பு ஞாபகம் வந்துவிடுகிறது. கீழே கிடந்தால்தானே முட்டுவார்?"

கரையைவிட்டுத் தள்ளிப் போய் இருக்கக் கூடாதா என்று உருட்டாயி கேட்டாள்.

"எங்கே போக? கரை எதுவரைக்கும் என்று எனக்குத் தெரியாது. இங்கே கூடாது என்றுதான் முட்டினார். எங்கே போகலாம் என்று யாருமே சொல்லவில்லை அக்கா."

உருட்டாயிக்கு மனம் கலங்கிவிட்டது. சாப்பாட்டுக்காகக் கேட்க வந்தவள், அதை மறந்தே போனாள்.

அமாவாசைக் காலையில் எல்லாரும் கூடினார்கள். உருட்டாயி ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, செம்பன் சொன்னதையெல்லாம் அப்படியே சொன்னாள். பிறகு வளைகொம்பனைப் பார்த்துத் திரும்பினாள்.

"அண்ணே, உங்கள் கொம்பால்தான் கரை சுத்தமாச்சு என்று பெருமைப்பட்டீர்கள். கரையில் கிடக்க வேண்டியது இவன் வயிற்றுக்குள் போனது. அவ்வளவுதான் நடந்தது."

குரங்கு சிரிக்க வாயெடுத்து, மூடிக்கொண்டது. வளைகொம்பன் தலையைத் தொங்கப்போட்டது. அதற்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. ஊரில் வண்டி இழுத்த காலத்தில் அதன் குளம்பில் ஆணி ஏறியிருந்தது. நொண்டினால் சாட்டையடி விழும் என்று பயந்து நேராகவே நடந்தது. மாடு நன்றாகப் படிந்துவிட்டது என்று அன்றைக்கு எல்லாரும் மெச்சினார்கள்.

"தப்பு என்னுடையது. அவன் இங்கேயே இருக்கட்டும்" என்றது வளைகொம்பன்.

மறுநாள் காலையில் அது செம்பனைக் கூட்டிக்கொண்டு கரையைத் தாண்டி, ஒரு மணல்மேட்டுக்குப் பின்னால் போனது. இதுதான் இடம் என்று காட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. செம்பன் அன்றும் தின்றது. மறுநாளும் தின்றது. வளைகொம்பன் முட்டவில்லை. தினமும் தவறாமல் கூட வந்து நின்றது.

எட்டாம் நாள் செம்பன் எழுந்து, கீழே கிடந்ததைப் பார்த்தது. வளைகொம்பனின் கொம்பைப் பார்த்தது. கொம்பு அசையவில்லை. செம்பன் ஓரடி விலகியது. பிறகு இன்னும் ஓரடி. கீழே கிடந்தது கிடந்தபடியே இருந்தது.

"வா, தண்ணீர் குடிக்கலாம்" என்றது எருமை. இருவரும் சேர்ந்து குளத்துக்கு நடந்தார்கள்.

அடிக்குப் பயந்தவன் தவறை விடமாட்டான், மறைக்கத்தான் கற்றுக்கொள்வான். அவனைத் திருத்த நினைப்பவர் முதலில் அவன் பயத்தைப் போக்கி, சரியான வழியைக் காட்ட வேண்டும்.