புலவர் வீட்டுக் கழுதை

ராசாக்களுக்கு மீசை முறுக்கிவிடவே தனி ஆள் இருந்த காலம் அது. நெடுங்கரை என்று ஒரு நாடு. அதை ஆண்டவன் பொன்முடிராயன். நல்லவன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவான். "உங்கள் புகழ் வானத்தை முட்டுகிறது" என்று ஒருவர் பாடினால், முற்றத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவான்.

அவன் சபையில் குழைக்காதர் என்று ஒரு புலவர் இருந்தார். கருணையைப் பற்றிப் பாட அவரை விட்டால் ஆள் கிடையாது. எறும்புக்காக உருகுவார். குருவிக்காக உருகுவார். மழையில் நனைந்த ஆட்டுக்குட்டிக்காக அவர் உருகுகிற உருக்கத்தில் சபையே மூக்கைச் சிந்தும். ராசா உடனே ஒரு பட்டுச் சால்வையை எடுத்துப் போர்த்துவான்.

சபை கலைந்து வீட்டுக்குப் போகிற வழியில் அதே புலவர் கையில் ஒரு கம்பு இருக்கும். எதற்கு? நாய் கிட்ட வந்தால் ஒன்று போட. பூனை குறுக்கே போனால் காறித் துப்புவார். வாசலில் மாடு படுத்திருந்தால் அடுப்பிலிருந்து வெந்நீரைக் கொண்டுவரச் சொல்லிக் கத்துவார்.

அவர் மனைவி உலகம்மை கொண்டுவர மாட்டாள். "சபையிலே ஒரு வாய், வாசல்லே ஒரு வாயா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். வீடும் வயலும் அவள் அப்பா கொடுத்தது. அதனால் புலவரும் அதற்கு மேல் கத்த மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை சபையில் புலவருக்கு வேகம் கொஞ்சம் கூடிப்போயிற்று.

"தெருவில் திரியும் சொறிநாய் என் தம்பி! பொதி சுமந்து புண்பட்ட கழுதை என் அண்ணன்! வாலறுந்த குரங்கு என் மாமன்!" என்று கையை விரித்துப் பாடினார். சபை ஆர்ப்பரித்தது. ராசா மட்டும் அசையாமல் இருந்தான். அவன் கண்ணெல்லாம் தண்ணீர்.

"புலவரே, உம்முடைய தம்பியும் அண்ணனும் மாமனும் தெருவிலா கிடக்கிறார்கள்? என் ஆட்சியிலா இந்த அநியாயம்?"

"அரசே, அது வந்து... பாட்டுக்காக..."

"ஒன்றும் சொல்ல வேண்டாம். இன்றைக்கே உம் குடும்பத்தை ஒன்று சேர்க்கிறேன். யாரங்கே!"

பொழுது சாய்வதற்குள் வீரர்கள் ஊரெல்லாம் தேடிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். முடி உதிர்ந்த ஒரு நாய். வாலறுந்த ஒரு குரங்கு. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணோடு ஒரு கழுதை. மூன்றையும் புலவர் வீட்டு முற்றத்தில் விட்டு, "குடும்பத்தோடு சுகமாக இருங்கள்" என்று கும்பிட்டுப் போனார்கள்.

உலகம்மை வந்து பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தாள்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட உங்க பக்கத்து ஆட்கள் இத்தனை பேர் வரலையே" என்றாள்.

"சிரிக்காதே. துரத்து!"

"ராசா கட்டளை. துரத்தினா தலை போயிடும். கஞ்சி நான் காய்ச்சி வைக்கிறேன். சாணி அள்ளுறது, புண் கழுவுறது எல்லாம் உங்க பாடு. உங்க ஆட்கள்தானே!"

அப்புறம் அந்த வீட்டில் புலவர் பட்ட பாட்டை என்ன சொல்ல! நாய் அவருடைய பாயில் படுத்துச் சொறிந்துகொண்டது. குரங்கு அவர் கவிதை எழுதிய ஓலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துப் பார்த்துத் துப்பியது. ஒன்றைக்கூட விழுங்கவில்லை. கழுதை மட்டும் ஒரு தொல்லையும் தரவில்லை. முற்றத்து மூலையில் சுவரைப் பார்த்தபடி நின்றது. யாராவது பின்னால் வந்தால் அதன் தொடைத் தோல் கிடுகிடுவென்று நடுங்கும். அடி எப்போது விழும் என்று காத்திருக்கிற நடுக்கம் அது. ஆனால் புண்ணின் நாற்றம் பூசை அறை வரைக்கும் வந்தது.

எப்படியாவது இந்தக் கூட்டத்தைத் தொலைத்துவிட வேண்டும் என்று புலவர் முடிவு செய்தார். ராசா கேட்டால், அதுகளாகவே ஓடிப்போய்விட்டன என்று கண்ணைக் கசக்கிக்கொள்ளலாம்.

முதலில் நாய். அதை ஓடத்தில் ஏற்றி ஆற்றுக்கு அக்கரையில் இறக்கிவிட்டு, அதே ஓடத்தில் திரும்பினார். இக்கரைப் படித்துறையில் அவர் காலை வைக்கும்போது நாய் அங்கே நின்றுகொண்டிருந்தது. நீந்தி வந்த களைப்பு. உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. புலவர் தலை முதல் கால் வரை நனைந்தார்.

அடுத்தது குரங்கு. தெருவோடு போன பாம்பாட்டி ஒருவனைக் கூப்பிட்டு, "அருமையான குரங்கு, உன் தொழிலுக்கு உதவும்" என்று அவன் தலையில் கட்டினார். மறுநாள் காலையில் அவன் வந்து நின்றான். ஒரு கையில் குரங்கு, மறு கையில் பாம்புக் கூடை.

"சாமி, உங்க குரங்கு என் மகுடியை உடைச்சுப் போட்டுது. மகுடி இல்லாம எனக்குப் பாம்பு எதுக்கு? இதையும் நீங்களே வச்சுக்கோங்க" என்று இரண்டையும் முற்றத்தில் வைத்துவிட்டு நடையைக் கட்டினான். புலவர் நெல் குதிர் மேல் ஏறிக்கொண்டார். உலகம்மைதான் கூடையை வயல் வரப்புக்கு எடுத்துப்போய்த் திறந்துவிட்டாள். பாம்பு யாரையும் திரும்பிப் பார்க்காமல் அது பாட்டுக்குப் போயிற்று.

கடைசியாகக் கழுதை. உச்சி வெயிலில் அதைக் காட்டோரம் ஓட்டிக்கொண்டு போனார். ஒரு பொட்டல் வெளியில் நிறுத்தினார். "எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

கழுதை பின்னால் வரவில்லை. கத்தவும் இல்லை. விட்ட இடத்திலேயே நின்றது. புலவருக்குச் சந்தோஷம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். கழுதையின் முதுகில் ஒரு காக்கை உட்கார்ந்து புண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. கழுதை அதை விரட்டக்கூட இல்லை. எல்லாம் வாங்கிப் பழகிய உடம்பு.

"சீ, சனியனே!" என்று ஒரு கல்லை விட்டெறிந்தார். காக்கை பறந்தது. அவர் நடந்தார்.

மறுபடி திரும்பிப் பார்த்தார். மறுபடி காக்கை. மறுபடி ஒரு கல்.

மூன்றாம் முறை பார்த்தபோது காக்கைகள் கூட்டமாக வந்திருந்தன. புலவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே திரும்பி ஓடினார். காக்கையைத் திட்டினார். கழுதையைத் திட்டினார். அதன் மேல் பொதி ஏற்றிப் புண்ணாக்கிவிட்டுத் தெருவில் விட்டவன் யாரோ, அவன் பரம்பரையையே திட்டினார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை உருவிப் புண் மேல் போர்த்தி, வயிற்றைச் சுற்றிக் கட்டினார். அப்புறம் காதைப் பிடித்துக்கொண்டு, "வந்து தொலை" என்று வீட்டுக்கே கூட்டிவந்தார்.

நெஞ்சில் கருணை சுரந்ததா என்று கேட்டால், அவருக்குத் தெரியாது. எரிச்சல்தான் தெரிந்தது. அவர் பாட்டில் வந்த கருணை எதுவும் இப்படிச் சீழ் நாற்றம் அடித்ததில்லை.

அன்று சாயங்காலமே உலகம்மையிடம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் கேட்டு வாங்கினார். அவள் எடுத்துக் கொடுத்தாள். திரும்பி நின்று சிரித்ததோடு சரி.

புலவர் வீட்டில் கஞ்சி கிடைக்கிறது, மருந்து போடுகிறார்கள் என்ற செய்தி ஊரில் பரவிற்று. அவ்வளவுதான். விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் எதையாவது கட்டிவைத்திருப்பார்கள். காலொடிந்த கன்று வந்தது. சிறகு முறிந்த கொக்கு வந்தது. யாருக்கும் அடங்காத கிடா ஒன்று வந்து, முதல் நாளே புலவரை முட்டிக் குப்புறத் தள்ளிற்று. புலவருக்குப் பாட்டெழுத நேரமில்லை. சபைக்குப் போகவும் நேரமில்லை. போனாலும் பக்கத்தில் உட்கார யாரும் முன்வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அழ முடியாமல் ராசாவுக்கு நெஞ்சடைத்தது. "புலவரின் குடும்பத்தை நானே போய்ப் பார்க்கிறேன்" என்று கிளம்பிவிட்டான். முன்னால் மேளம், பின்னால் மந்திரி, பக்கவாட்டில் உருவிய வாளோடு தளவாய். ராசா கருணையோடு நிற்கிற கோலத்தை வரைய ஒரு சித்திரக்காரன் வேறு.

முற்றத்தில் வந்து நின்று ராசா சுற்றிலும் பார்த்தான். கழுதை அவன் கண்ணுக்குப் பிடித்துப்போயிற்று.

"சித்திரக்காரரே, நான் இந்த வாயில்லாச் சீவனைத் தடவிக் கொடுப்பேன். அப்படியே எழுதும்" என்றான்.

"அரசே, வேண்டாம், அது முதுகில்..." என்று புலவர் சாணிக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

அதற்குள் ராசா, சித்திரக்காரனைப் பார்த்துத் திரும்பி நின்றபடி, மோதிரங்கள் போட்ட கையால், சரியாகப் புண் மேலேயே தடவிவிட்டான்.

கழுதை உதைத்தது. பொதுவாக நான் இதை விரிவாகச் சொல்வேன். மரியாதைக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உதை விழுந்தது ராசாவின் பின்புறத்தில். ராசா விழுந்தது எருக்குழியில். கிரீடம் விழுந்த இடத்தை உடனே நாய் முகர்ந்து பார்த்தது.

மேளம் நின்றது. தளவாய் வாளை ஓங்கினான். மந்திரி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தார்.

"பொறும். சட்டம் இருக்கிறது. ராசாவை அடித்த மிருகத்துக்குச் சொந்தக்காரன் யாரும் இல்லை என்றால் மிருகத்தை வெட்டலாம். சொந்தக்காரன் இருந்தால் தண்டனை அவனுக்கு. தலையைப் பாதி மழித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, அந்த மிருகத்தின் மேலேயே ஏற்றி ஊர்வலம் விட வேண்டும். அப்புறம் சபையில் கால் வைக்கக் கூடாது."

சொல்லிவிட்டு மந்திரி புலவரைப் பார்த்தார். நெடுநாள் சிநேகிதர். கண்ணைச் சிமிட்டினார். "புலவரே, இது தெருக் கழுதைதானே? யாருக்கும் சொந்தமில்லாததுதானே?"

ஆமாம் என்று சொன்னால் போதும். பொய்கூட இல்லை. வெள்ளிக்கிழமையும் சால்வையும் சபையின் ஆர்ப்பரிப்பும் அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருந்தன. தொல்லையில் ஒன்று குறையும். வேப்பெண்ணெய் மிச்சம்.

புலவர் கழுதையைப் பார்த்தார். உதைத்து முடித்ததும் அது பழையபடி சுவரைப் பார்த்து நின்றுகொண்டது. தொடைத் தோல் நடுங்கிக்கொண்டிருந்தது. பல நாளாக நின்றுபோயிருந்த நடுக்கம் அது. எவ்வளவு பாடுபட்டு அதை நிறுத்தியிருந்தார்!

"என்னுடையது" என்றார். சத்தமாக மறுபடி சொன்னார். "கழுதை என்னுடையது."

"உம்முடைய கழுதையா என்னை உதைத்தது?" என்று எருக்குழியிலிருந்து ராசா கேட்டான்.

"ஆமாம் அரசே. நீங்கள் புண்ணில் கையை வைத்தீர்கள். நானாக இருந்தாலும் உதைத்திருப்பேன்."

சித்திரக்காரன் தூரிகையைக் கீழே போட்டுவிட்டான்.

அங்கேயே தலையைப் பாதி மழித்தார்கள். புள்ளிகளைக் குத்தினார்கள். வாசலுக்குக் கொண்டுவந்து, "ஏறும்" என்றான் தளவாய்.

"ஏற மாட்டேன்."

"என்ன வேய், தண்டனை உமக்கா எனக்கா? ஏறும்!"

"புண் இப்போதுதான் மூடிவருகிறது. என் கனத்துக்கு மறுபடி பிளந்துவிடும். நன்றாக ஆறட்டும், நானே வந்து சொல்கிறேன். அன்றைக்கு ஏற்றுங்கள்."

தளவாய் மந்திரியைப் பார்த்தான். மந்திரி வானத்தைப் பார்த்தார். ஏற மறுக்கிற குற்றவாளியைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. கடைசியில், கழுதையோடு நடந்தால் போதும் என்று முடிவாயிற்று.

ஊர்வலம் கிளம்பிற்று. தெருவெல்லாம் ஒரே கூட்டம், ஒரே கூச்சல். புலவர் பாதி மொட்டையோடும் புள்ளி முகத்தோடும் கழுதையின் காதோரம் நடந்தார். ஊர் சிரித்தது அவருக்குக் கேட்டது. கூசத்தான் செய்தது. ஆனால் கல்லும் பள்ளமுமான தெரு. கழுதைக்கோ மேளம் என்றால் பயம். "இங்கே பள்ளம், பார்த்து. அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று அதனிடம் பேசிக்கொண்டே போனதில், வெட்கப்படுவதற்கு அவருக்கு முழு நேரம் கிடைக்கவில்லை.

செக்கடித் தெருவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே நின்றிருந்தாள். கழுதையின் முதுகைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கழுதை முன்னால் வைத்தாள். அது குடித்து முடிக்கும் வரை ஊர்வலம் காத்திருந்தது.

ராசா திருந்தினானா என்றால், அதெல்லாம் இல்லை. வெகு நாள் வரைக்கும் சிங்காசனத்தில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே வழக்குக் கேட்டதால் வழக்குகள் சீக்கிரம் முடிந்தன. நாட்டுக்கு அது ஒரு நன்மை. சபைக்குப் புதிதாக ஒரு புலவர் வந்தார். மலர்களை மட்டுமே பாடினார்.

குழைக்காதர் வீட்டுக்கு வந்ததும் உலகம்மை எண்ணெய் தொட்டு அவர் முகத்துப் புள்ளிகளைத் துடைத்தாள்.

"செம்புள்ளி உங்களுக்குப் பொருத்தமாத்தான் இருந்துது" என்றாள். "சாப்பிட வாங்க. சாணி நான் அள்ளிட்டேன்."

மறுநாள் காலையில் புலவர் வழக்கம்போல மஞ்சளும் வேப்பெண்ணெயும் எடுத்துக்கொண்டு போனார். புண்ணைத் தொட்டார். கழுதை உதைத்தது. அவரையேதான். முழங்காலில் பட்டு நொண்டிக்கொண்டே முற்றத்தை ஒரு சுற்று வந்தார். கழுதையை, அதன் தாய் தகப்பனைத் திட்டினார். அப்புறம் கீழே சிந்தாமல் மிச்சம் இருந்த எண்ணெயை எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை பக்கவாட்டிலிருந்து போய், மெதுவாகத் தடவி முடித்தார்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: உதை வாங்கிய பிறகும் போய் மருந்து போடுகிறவருக்குத்தான் கருணையைப் பற்றிப் பேச வாய் உண்டு.