மூன்று ஞாயிறு ஏலம் போன பூசணிக்காய்

வற்றிய குளத்தங்கரையில் மிருகங்களின் சபை ஒன்று இருந்தது. அதற்கு உபதேசியாராக இருந்தவர் ஒரு கழுதை. பெயர் ஞானாபரணம். நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பது, செத்தவர்களை அடக்கம் செய்வது, தொலைவில் இருக்கும் ஊற்றிலிருந்து நடக்க முடியாதவர்களுக்குத் தண்ணீர் சுமப்பது, எல்லாம் அவர் வேலை. நடுவில் மேயப் போனால் ஊழியம் கெட்டுப்போகும் என்று சபை தீர்மானம் போட்டிருந்தது. அதற்குப் பதிலாக, தினம் ஒரு வீட்டிலிருந்து ஒரு கட்டுப் புல் வரும். மழை பெய்துகொண்டிருந்தவரை அது நல்ல ஏற்பாடுதான்.

இரண்டு வருஷமாக மழை இல்லை. முதலில் கட்டு சிறுத்தது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. பிறகு வரவே இல்லை. யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை. அவரவர் பாடே திண்டாட்டமாக இருந்தது. இன்றைக்கு அடுத்த வீட்டார் கொடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு வீடும் நினைத்துக்கொண்டது.

வழியில் பார்க்கிறவர்கள் விசாரிக்காமலும் இல்லை.

"எப்படி இருக்கீரு உபதேசியாரே?"

"கர்த்தர் நடத்துதாரு."

எப்போது கேட்டாலும் இதுதான் பதில். ஊழியக்காரன் பசிக்கிறது என்று சொன்னால், விசுவாசம் போதாது என்று பேசுவார்கள். அதற்குப் பயந்து அவர் அப்படிச் சொன்னார். கேட்டவர்கள் அவர் சாப்பிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள். அவருடைய விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. கண்ணிருந்தும் யாரும் கவனிக்கவில்லை.

கடைசியில் செயலாளர் கீரிக்கு மனம் உறுத்தியது. அது சபைக் கமிட்டியைக் கூட்டியது.

"அடிவாரத்துக் கல்குவாரியில பொதி சுமக்கக் கழுதை தேடுதாங்களாம். ரெண்டு வேளை தீவனமாம். உபதேசியாரு அங்க போயிட்டா நமக்கு யாரு இருக்கா?"

"அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பெரிசா வச்சிருவோம்" என்றது சேவல். வருஷா வருஷம் காணிக்கையாக வரும் விளைச்சலை ஏலம் கூவுவது அதுதான்.

"அறுப்பே இல்லியே, எதை ஏலம் போட?"

இருந்தது ஒன்றே ஒன்று. முயல் தன் வீட்டுக் கொடியில் காய்த்த பூசணிக்காயை உருட்டிக்கொண்டு வந்து கோயில் வாசலில் வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் கீரிக்கு ஒரு யோசனை பிறந்தது.

"ஒரே காயைத் திரும்பத் திரும்ப ஏலம் விடுவோம். எடுக்கிறவங்க சபைக்கே திருப்பிக் குடுத்திரணும். ஏலம் கேட்ட புல்லு இப்ப வேண்டாம், மழை பெஞ்ச பெறவு உபதேசியாருக்குக் குடுத்தாப் போதும்."

இப்படி ஒரு யோசனை இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை என்று கமிட்டி மெச்சியது.

பண்டிகை ஞாயிறன்று பூசணிக்காயைப் பீடத்துக்கு முன்னால் வைத்தார்கள். உபதேசியாரின் மூக்குக்கு நேரே அது இருந்தது. ஆசீர்வாதம் கூறும்போது அவர் குரல் தடுமாறியது. களைப்பு என்று நினைத்தார்கள். களைப்பும்தான்.

சேவல் கூவத் தொடங்கியது.

"பத்துக் கட்டு" என்றது காட்டுப்பன்றி பொன்னையா.

"இருவது" என்றது கரடி தங்கதுரை. ஒரு வேலித் தகராறில் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"நாப்பது."

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். பொன்னையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சபைக்கே திருப்பிக் குடுக்குதேன்" என்றது. அடுத்த ஞாயிறு விட்ட இடத்தைப் பிடிக்கத் தங்கதுரை எண்பதுவரை போனது. வறட்சி தொடங்கியபின் சபை வாய்விட்டுச் சிரித்தது அந்த ஏலங்களில்தான். அதைக் குறை சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

அந்த நாட்களில் உபதேசியார் ஊற்று மேட்டில் இரண்டு முறை விழுந்தார். தண்ணீர் கொட்டிப்போனது. எழுந்து திரும்பவும் போய்ச் சுமந்து வந்தார். அவருக்கு ஆத்திரம்கூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு ஏலம் சூடு பிடித்திருந்தது. பன்றி நூறு கேட்டது. சேவல் இரண்டாம் தரம் சொல்லி முடித்தபோது, பீடத்தின் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நானும் கேக்கலாமா?"

சபை சிரித்தது. "கேளும் உபதேசியாரே, எத்தனை கட்டு?" என்றது சேவல்.

"எங்கிட்ட ஒரு கட்டும் கிடையாது. அந்தக் காயை எனக்குத் தாங்க. பசிக்கி."

சிரிப்பு அப்படியே நின்றது. கீரி எழுந்தது.

"இதெல்லாம் உமக்காகத்தானவே நடத்துதோம். மழை வரட்டும், உம்ம வீட்டு வாசல்ல புல்லு குவியும்."

"தெரியும் ஐயா. மழை வாரவரைக்கும் நான் உசிரோட இருக்கணுமே. நாளைக்குக் குவாரிக்கு வாரேன்னு சொல்லி அனுப்பலாம்னு இருக்கேன்."

முயல் முன்னால் வந்தது.

"நான் இதை ஏலத்துக்குக் கொண்டாரல. உபதேசியாருக்குத்தான் கொண்டாந்தேன். நீங்கதான் எடுத்து வச்சிக்கிட்டிய. பெரியவங்க செய்யுதீங்களேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

அது பூசணிக்காயை அவர் காலடிக்கு உருட்டியது. மூன்று வாரம் கிடந்ததில் காயின் ஒரு பக்கம் அழுகியிருந்தது. உபதேசியார் கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். பிறகு அழுகாத பாதியை அத்தனை பேருக்கும் முன்னால் நின்றுகொண்டே தின்றார். அவர் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாராலும் அவரைப் பார்க்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. தின்று முடித்ததும் அவர் தண்ணீர்ப் பானைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் விடிந்ததும் அவர் வாசலில் பொன்னையா நின்றது. வாயில் ஒரு பிடி காய்ந்த புல்.

"படுக்கைக்குப் போட்டிருந்தது, உபதேசியாரே. பழசு. தரையில படுத்துக்கிட்டா எனக்கு ஒண்ணும் ஆயிராது" என்று புல்லைக் கீழே வைத்துத் தலைகுனிந்தபடி சொன்னது.

அதற்குப் பின்னால் தங்கதுரையும் ஒரு பிடியோடு நின்றது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

உபதேசியார் தின்றார். அவர் வயிறு நிறையவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் குவாரிக்குப் போகவில்லை.

நமக்காக உழைத்து ஓய்ந்தவருக்கு, நாலு பேர் மெச்ச நாளைக்குத் தருவதாகச் சொல்லும் நூறு கட்டைவிட, நம் படுக்கையிலிருந்து உருவி இன்றைக்கே கொடுக்கும் ஒரு பிடிதான் காணிக்கை.