இழப்பில்லாத படம்

அறிவுடையான்பட்டியில் முட்டாள்கள் யாரும் கிடையாது. அந்த ஊர்க்காரர்களிடமே விசாரித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரு சித்திரை மத்தியானம் அடித்த சூறைக்காற்றில் அந்த ஊர் வாழையெல்லாம் இடுப்பொடிந்து விழுந்தது. வேலியோரம் நின்ற கொஞ்ச மரங்கள்தான் தப்பின. தார் முற்றுவதற்கு இன்னும் சில வாரங்கள்தான் பாக்கி. அடுத்த வருஷச் சோறு அந்தத் தார்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ரெங்கநாயகி வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். வாழை விவசாயிகள் சங்கத் தலைவர் வையாபுரி அவளைத் தேற்றப் போய், தானும் உட்கார்ந்து அழுதார்.

அழுது முடித்ததும் சங்கம் கூடியது. தலைவர் வையாபுரி, செயலாளர் தங்கப்பழம், நல்ல பருமனான பொருளாளர் குழந்தைவேலு, உறுப்பினர் ரெங்கநாயகி. மற்ற உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இழப்பீடு கேட்பது என்று முடிவாகி, நால்வரும் டவுனில் இருந்த தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனார்கள்.

அங்கே இருந்த அதிகாரி அம்மாள் தலை நிமிராமலே சொன்னார். தோட்டத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். செல்போனில் வேண்டாம், நல்ல கேமராவில் எடுக்க வேண்டும். கேமராவில் எந்த வடிவம் என்று கேட்கும். ராவில் எடுங்கள், அதுதான் இழப்பில்லாத வடிவம், இழப்பில்லாத படம்தான் மேலே செல்லுபடியாகும். தோட்டத்துக்கு நேரில் வந்து பார்க்கும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை. வெயில் காரணம்.

ரெங்கநாயகியின் மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த கேமரா பீரோவில் கிடந்தது. விளக்கு வைக்கிற நேரம் தாண்டட்டும் என்று காத்திருந்து, நன்றாக இருட்டியதும் நால்வரும் தோட்டத்துக்குப் போய்ப் படம் எடுத்தார்கள். படம் கன்னங்கரேலென்று வந்தது. குழந்தைவேலுவுக்கு அதில் தன் மரங்களை அடையாளம் காண முடியவில்லை. தங்கப்பழம் விரலை வைத்துக் காட்டியதும் கண்டுகொண்டார்.

அதிகாரி அம்மாள் அந்தக் கறுப்பை ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றுமே தெரியவில்லையே என்றார். ராவில் எடுத்தால் இவ்வளவுதான் தெரியும் என்று வையாபுரி பணிவாகச் சொன்னார். அம்மாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு விளக்கினார்: ரா என்றால் ராத்திரி இல்லை. இங்கிலீஷில் அதற்குப் பச்சை என்று அர்த்தம். பச்சையாக இருந்தால்தான் இழப்பு இருக்காது. சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் அவசரக் கூட்டம். சிக்கல் பெரிது. விழுந்த வாழையெல்லாம் அதற்குள் பழுத்துக் காய்ந்து சருகாகிக் கிடந்தது. பச்சைக்கு எங்கே போவது?

தங்கப்பழம் பெயிண்ட் கடைக்குப் போனார். மருந்தடிக்கிற டேங்கில் பச்சை டிஸ்டம்பரைக் கரைத்து முதுகில் மாட்டிக்கொண்டு, சருகு சருகாக அடித்துக்கொண்டே வந்தார். அந்த வாரம் அறிவுடையான்பட்டி ஆடுகளுக்கெல்லாம் வாய் பச்சை.

அடுத்தது இழப்பு. விழுந்து கிடந்தால் அது இழப்பு. இழப்பில்லாத படம் வேண்டுமென்றால் மரம் நிற்க வேண்டும். சவுக்குக் கம்பு வாங்கி ஒவ்வொரு மரத்துக்கும் முட்டுக் கொடுத்து, முறிந்த இடத்தில் துணி சுற்றிக் கட்டினார்கள். ரெங்கநாயகி தன் பழைய புடவைகள் எல்லாவற்றையும் கிழித்துக் கொடுத்தாள். கட்டிக்கொண்டிருக்கும்போதே குழந்தைவேலுவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"தலைவரே, இழப்பே இல்லாமப் படம் எடுத்தா, இழப்பீடு எதுக்குக் குடுப்பாங்க?"

எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். வையாபுரி கொஞ்சம் யோசித்தார்.

"மரத்துல ஒரு இழப்பு, படத்துல ஒரு இழப்புன்னு ரெண்டு இழப்பைக் காட்டினா நம்மளப் பேராசைக்காரங்கன்னு நினைப்பாங்க. மரத்தோடது நம்ம கைல இல்ல. படத்தோடதையாவது நாம விட்டுக் குடுப்போம்."

தலைவரின் பெருந்தன்மை குழந்தைவேலுவைக் கலக்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்தைத் தூக்கி நிறுத்தினார்.

படம் பிரமாதமாக வந்தது. சங்கத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினால், போகவில்லை. தங்கப்பழம் போன் போட்டுக் கேட்டார். படம் ரொம்பக் கனமாக இருக்கிறது, கனத்தைக் குறையுங்கள் என்று அங்கிருந்து பதில் வந்தது.

கனத்தைக் குறைப்பது பற்றி நீண்ட விவாதம் நடந்தது. முதலில் எல்லோரும் குழந்தைவேலுவைப் பார்த்தார்கள். அவர் படத்தில் நடுவில் நின்றிருந்தார். விலகிக்கொள்கிறேன் என்று அவரே சொன்னார், ஆனால் முகம் வாடிவிட்டது. அவர் இல்லாமல் மறுபடி எடுத்தும் கனம் குறையவில்லை. பிறகுதான் ரெங்கநாயகி கவனித்தாள், காற்றுக்குத் தப்பிய வேலியோர மரங்களில் தார்கள் கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

ஊரில் உருப்படியாக மிச்சமிருந்தவை அந்தத் தார்கள்தான். அத்தனையையும் வெட்டிக் கீழே போட்டுவிட்டு மறுபடி படம் எடுத்தார்கள். அப்படியும் மெயில் போகாததால், இனி வெட்ட ஒன்றுமில்லை என்று கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டு நேரிலேயே போனார்கள்.

அதிகாரி அம்மாள் படத்தைத் திறந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. இத்தனை பச்சையான தோப்பைத் தான் பார்த்ததே இல்லை என்றும், இழப்பு துளிகூட இல்லை என்றும் சொல்லி, அதையே கோப்பிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நால்வரும் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு டீ குடித்துக் கொண்டாடிவிட்டு ஊர் திரும்பினார்கள்.

இழப்பீடு வந்தது. சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊருக்கும் வந்தது. அறிவுடையான்பட்டிக்கு மட்டும் வரவில்லை.

மறுபடி போய் நின்றார்கள். உங்கள் படத்தில்தான் இழப்பே இல்லையே என்றார் அம்மாள். நீங்கள்தானே அப்படிக் கேட்டீர்கள் என்றார் வையாபுரி. அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. ராவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், எல்லா ஊர்க்காரர்களும் ஜேபெக் வடிவத்தில்தான் கொடுத்தார்கள், அப்படிக் கொண்டுவாருங்கள் என்றார். அதில் என்ன வித்தியாசம் என்று தங்கப்பழம் விடாமல் கேட்டார்.

"அது இழப்புள்ள வடிவம். ஒவ்வொரு தடவை திறந்து சேமிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமா இழப்பு வரும். போதுமா?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு சிரமம் இருந்திருக்காதே என்று ரெங்கநாயகி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள்.

அன்றைக்கே வேலை ஆரம்பமானது. தங்கப்பழம் அந்தப் பச்சைத் தோப்புப் படத்தை ஜேபெக்காக மாற்றினார். திறப்பார், சேமிப்பார், மூடுவார். மறுபடி திறப்பார். குழந்தைவேலு திரைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு எந்த மரம் முதலில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் ஒன்று லேசாகச் சாய்கிற மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னதும், வையாபுரிக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. படத்தின் ஓரத்தில் ரெங்கநாயகியின் கிணறும் தெரிந்தது.

"அக்கா, சேமிக்கிற வேகத்துல கிணறும் போயிடப் போவுது. நீங்க தோட்டத்துக்கு ஓடுங்க."

ரெங்கநாயகி செல்போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். இந்நேரமும் அவள் கிணற்று மேட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இங்கே தங்கப்பழம் ஒவ்வொரு தடவை சேமித்ததும் வையாபுரி போனில் கேட்கிறார். அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்.

"இருக்கு தம்பி. அடுத்ததைச் சேமிங்க."