ஒன்பதுக்கு ஒன்பது

ஆண்களை நேசிக்கும் ஆண்களுக்கு எச்.ஐ.வி. பற்றி எடுத்துச் சொல்லும் ஒரு சின்ன அலுவலகம், திருச்சியில். அங்கே வேலை கற்றுத்தரும் குரு பெலிக்ஸ், வயது முப்பத்திரண்டு. சேர்ந்து மூன்று வாரமே ஆன சீடர் தணிகாசலத்துக்கு நாற்பத்தாறு. அதனால் குரு சீடரை 'அண்ணே' என்பார், சீடர் குருவை 'தம்பி' என்பார். அதில் இரண்டு பேருக்கும் வருத்தம் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை தணிகாசலம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"தம்பி, இளங்கோன்னு ஒருத்தர். எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. இனிமே எங்களுக்குள்ள ஆணுறை வேண்டாம்னு நினைக்கிறேன். நல்லாப் பாத்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுத்திருக்கேன்."

"எப்படிப் பாத்தீங்க?"

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஒன்பது கேள்விகள், நம்பர் போட்டு. பழக வரும் எவரையும் அதில் சலித்தெடுத்த பிறகுதான் சேர்ப்பாராம். மனுஷன் அதில் கெட்டி.

பெலிக்ஸ் தாளை வாங்கினார். "நானே பதில் சொல்றேன், மார்க் போடுங்க. நிரந்தர வேலையா? ஆமா. குடி, சிகரெட்? இல்ல. உடம்பு எப்படி? தினம் நாலு கிலோமீட்டர் ஓடுறேன். நல்ல குடும்பமா? அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்." கடைசிக் கேள்வி வரை போய் நிமிர்ந்தார். "ஜாதகம் ஒண்ணுதான் இதுல கேக்கல. தேறிட்டேனா?"

"ஒன்பதுக்கு ஒன்பது."

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு அண்ணே. பதினோரு வருஷமா."

தணிகாசலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப உங்க கூட இருக்கிறவரு?" என்றார்.

"அவருக்கு இல்ல. நான் மாத்திரையை ஒரு நாள்கூட விடுறதில்ல. டெஸ்ட்டுல தெரியாத அளவுக்குக் கிருமி குறைஞ்சு கிடக்கு. உறவு வெச்சாலும் பரவாது. என்னைப் பாத்துப் பயப்பட வேண்டியதில்ல."

"பின்ன யாரைப் பாத்து?"

பெலிக்ஸ் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இதுல ஒரு கேள்வி விட்டுப்போச்சு. கடைசியா எப்ப ரத்த டெஸ்ட் எடுத்தீங்க, என்ன வந்துச்சு?"

"சந்தேகப்படுறேன்னு நினைப்பாங்களேன்னு கேக்குறதே இல்ல தம்பி." சொல்லிக்கொண்டே அதைப் பத்தாவதாக எழுதினார்.

"இளங்கோவுக்கு முன்னாடி யாராவது?"

"மூணு பேரு. எல்லாருமே ஒன்பதுக்கு ஒன்பது."

"அவங்களோட இருந்தப்ப ஆணுறை போட்டீங்களா?"

"தேறினப்புறம் எதுக்கு தம்பி?"

"சரி. இளங்கோகிட்ட கேளுங்க."

"இன்னைக்கே கேட்டுடுறேன்."

"அவரும் உங்களை நல்லாப் பாத்துத்தானே அண்ணே தேர்ந்தெடுத்திருப்பாரு. பத்தாவதை அவர் உங்ககிட்ட கேட்டா, என்ன சொல்வீங்க?"